கயிற்றை இழுக்கும் உரிமை: ஃப்ரீமான்ட் கார் ஆலையில் அறிவும் அதிகாரமும்

முதலில் அந்தக் கயிற்றைப் பார்த்துவிடுவோம். அசெம்பிளி லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தொழிலாளியின் இடத்தை ஒரு கார் கடந்துபோக ஏறக்குறைய 60 விநாடி. அதற்குள் அவர் சீட்டை வைத்து நான்கு போல்ட்டுகளை முடுக்க வேண்டும். மூன்று ஏறிவிட்டன. நான்காவது, மரையில் சரியாக உட்காராமல் கோணலாகச் சிக்கிக்கொண்டது. தலைக்கு மேலே லைன் நெடுக ஒரு கயிறு ஓடுகிறது. அதை இழுத்தால் லைன் உடனே நின்றுவிடாது. ஒரு இசை ஒலிக்கும், மேலே பலகையில் அந்த இடத்துக்கு உரிய விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். கார் அந்த வேலையிடத்தின் எல்லைக் கோட்டைத் தொடும்வரை இருவருக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள் போல்ட் சரியாகிவிட்டால் மறுபடி ஒரு இழுப்பு, விளக்கு அணைந்துவிடும், லைன் பாட்டுக்கு ஓடும். சரியாகவில்லை என்றால் கார் கோட்டைத் தொட்டதும் லைன் நிற்கும்.

இதற்கு ஜப்பானிய மொழியில் ஆண்டான் என்று பெயர். இது கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த ஒரு கார் ஆலையில், 1984 கடைசியில், அமெரிக்கத் தொழிலாளிகளின் கைக்கு வந்தது. அவர்களில் பெரும்பாலானோர் அதே கட்டடத்தில் முன்பு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக வேலை பார்த்தவர்கள். அந்த நாட்களிலும் போல்ட்டுகள் கோணலாகச் சிக்கத்தான் செய்தன. ஆனால் அப்போது யாரும் எதையும் இழுக்கவில்லை. கார் அப்படியே அடுத்தவரிடம் போனது, அவர் அதன்மேல் அடுத்த பாகத்தை மாட்டினார், கடைசியில் வண்டி வெளியே ரிப்பேர் யார்டில் போய் நின்றது.

ஒரு நிறுவனத்துக்குள் விஷயம் தெரிந்தவர் யார், முடிவெடுப்பவர் யார், புதுசாக ஒன்றை யோசிப்பவர் யார் என்ற கேள்வியைப் பொருளியல் கிட்டத்தட்ட 90 வருடங்களாகக் கேட்டு வருகிறது. அதற்கு இதைவிடத் தெளிவான களம் எனக்குத் தெரிந்து கிடையாது. கட்டடம் அதே. தொழிற்சங்கம் அதே. ஆட்களும் பெரும்பாலும் அவர்களே. மாறியது அமைப்பு மட்டும்தான்.

பழைய ஃப்ரீமான்ட்

ஜெனரல் மோட்டார்ஸ் இந்த ஆலையை 1960களின் தொடக்கத்தில் திறந்தது, 1982இல் இழுத்து மூடியது. மூடும்போது அதற்கு நல்ல பெயர் இல்லை. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நிலை. திடீர் வேலைநிறுத்தங்கள். தீர்க்கப்படாமல் குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான குறை மனுக்கள். வேலை நேரத்தில் குடிப்பது அங்கே யாருக்கும் புதிய செய்தி இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் ஆலைகளிலேயே தரத்திலும் உற்பத்தித் திறனிலும் மிக மோசமானவற்றில் ஒன்று என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டது.

வேலை எப்படி வடிவமைக்கப்பட்டது என்பதுதான் இங்கே முக்கியம். சுமார் 80 தொழிற்பொறியாளர்கள் இருந்தார்கள். யார் எந்தப் போல்ட்டை எந்த வரிசையில், எத்தனை விநாடியில் முடுக்க வேண்டும் என்று அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். ஃபோர்மேன் அதைச் செய்ய வைப்பார். தொழிலாளி செய்வார், அல்லது செய்வதாகக் காட்டுவார். இந்த ஆலையைப் பல வருடங்கள் ஆராய்ந்த பால் ஆட்லர் ஒரு கணக்குச் சொல்கிறார்: பழைய ஆலையில் 60 விநாடிச் சுற்றில் ஒருவர் உண்மையில் வேலை செய்தது 45 விநாடி. புதிய ஆலையில் அது 57 ஆனது.

அந்த 15 விநாடியைச் சோம்பல் என்று படித்துவிட்டால் இந்தக் கதையே தவறிப்போகும். அது ஒளித்துவைத்த அறிவு.

ஏன் ஒளித்தார்கள்

பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1937இல் கேட்ட கேள்வி எளிமையானது: சந்தை இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால் நிறுவனம் என்று ஒன்று எதற்கு? சந்தையில் ஒவ்வொன்றுக்கும் விலை பேசுவதற்கும் ஒப்பந்தம் போடுவதற்கும் செலவாகிறது, நிறுவனத்துக்குள் அதற்குப் பதிலாக ஒருவர் சொல்ல மற்றவர் செய்கிறார் என்பது அவர் பதில். அதாவது நிறுவனம் என்றால் அதிகாரம். எட்டு வருடம் கழித்து, 1945இல், ஃபிரெட்ரிக் ஹாயெக் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். பொருளாதாரத்துக்குத் தேவையான அறிவு எந்த ஒருவரிடமும் மொத்தமாக இல்லை, அந்தந்த இடத்தில் அந்தந்த நேரத்தில் இருப்பவரிடம் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்றார். மத்தியத் திட்டமிடலுக்கு எதிராகத்தான் அவர் அதை எழுதினார். ஆனால் பெரிய நிறுவனமும் உள்ளுக்குள் ஒரு திட்டமிட்ட பொருளாதாரம்தானே? கோணலாகச் சிக்கிய போல்ட்டைப் பற்றிய அறிவு அந்த விநாடியில் உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. லைனை நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை.

இந்த இடைவெளியை மூட இரண்டே வழி என்று மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்லிங்கும் 1990களின் தொடக்கத்தில் எழுதினார்கள். ஒன்று, அறிவை அதிகாரம் இருக்கும் இடத்துக்கு அனுப்பு. அல்லது அதிகாரத்தை அறிவு இருக்கும் இடத்துக்கு அனுப்பு. பழைய ஃப்ரீமான்ட் முதல் வழியை நம்பியது. பொறியாளர்கள் ஸ்டாப்வாட்சோடு வந்து பார்த்து, எழுதிக்கொண்டு, மேலே கொண்டு போவார்கள்.

அது ஏன் நடக்கவில்லை? தொழிலாளியின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு வேலையை 60 விநாடிக்குப் பதில் 45இல் முடிக்கும் வழியை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். சொன்னால் என்ன நடக்கும்? நாளைக்கு அதுவே அளவாகிவிடும். மிச்ச 15 விநாடிக்கு வேறொரு வேலையை ஏற்றுவார்கள், அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த நண்பரை வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த தேக்கம் வரும்போது போகிறவன் நானாகவும் இருக்கலாம். பொருளியலாளர்கள் இதை ராட்செட் விளைவு என்பார்கள்: ஒரு பல் முன்னே நகர்ந்தால் பின்னே வராத சக்கரம். காட்டிய திறமையே அடுத்த இலக்காகிவிடும் என்றால் திறமையைக் காட்டாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஸ்டாப்வாட்ச் வரும்போது மெதுவாகச் செய்வது தொழிற்சாலைகள் தோன்றிய காலத்திலிருந்து எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

கடைசியில் நிர்வாகத்துக்கு அதிகாரம் இருந்தது, தகவல் இல்லை. தொழிலாளிக்குத் தகவல் இருந்தது, சொல்லக் காரணம் இல்லை.

1984

டொயோட்டாவுக்கு அமெரிக்காவில் கார் தயாரிக்க வேண்டிய கட்டாயம் வந்திருந்தது. 1981இலிருந்து ஜப்பானியக் கார் ஏற்றுமதிக்கு ஒரு உச்சவரம்பு. ஆனால் தங்கள் முறை அமெரிக்கத் தொழிலாளிகளிடமும் அங்கத்தியத் தொழிற்சங்கத்திடமும் எடுபடுமா என்று அவர்களுக்குத் தெரியாது. ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சிறிய கார் லாபத்தோடு தயாரிக்கத் தெரியவில்லை. 1983இல் இரண்டும் கைகோத்தன. ஆலை ஜெனரல் மோட்டார்ஸுடையது, நடத்துவது டொயோட்டா. நியூ யுனைடெட் மோட்டார் மானுஃபாக்சரிங் என்ற பெயரைச் சுருக்கி நம்மி என்று அழைத்தார்கள். முதல் தலைவர் டாட்சுரோ டொயோடா. 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது.

வேலைக்கு எடுத்தவர்களில் சுமார் 85 சதவீதம் பழைய ஃப்ரீமான்ட் தொழிலாளிகள், அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ.வின் உறுப்பினர்கள். பழைய சங்கத் தலைவர்களும் திரும்பி வந்தார்கள். சுமார் 450 பேரை ஜப்பானில் டொயோட்டாவின் டகாவோகா ஆலைக்கு மூன்று வாரம் அனுப்பிவைத்தார்கள். வகுப்பறைப் பாடத்துக்கு மட்டும் இல்லை. அங்கே லைனில் நின்று, அங்குள்ளவர் பக்கத்தில் வேலை செய்யத்தான்.

அந்தப் பயணம் ஆடம்பரச் செலவு அல்ல. கயிற்றை இழுத்தால் யாரோ ஓடி வந்து திட்டாமல் உதவுவார் என்பதைக் கையேட்டில் அச்சிட்டுக் கொடுக்கலாம். 20 வருடம் அதற்கு நேரெதிரானதைப் பார்த்தவர் அதை நம்ப மாட்டார். ஒருமுறையாவது தானே இழுத்து, ஒருவர் ஓடி வந்து, நன்றி சொல்வதைப் பார்த்தால்தான் நம்புவார். ராபர்ட் கிப்பன்ஸும் ரெபெக்கா ஹெண்டர்சனும் நிறுவனங்களுக்கு இடையிலான திறமை வித்தியாசத்தை ஆராய்ந்தபோது இரண்டு சிக்கல்களைப் பிரித்துக் காட்டினார்கள்: வாக்குறுதி நம்பத் தக்கதா என்பது ஒன்று, அந்த வாக்குறுதிக்கு என்ன அர்த்தம் என்று இரு தரப்புக்கும் புரிகிறதா என்பது இன்னொன்று. டகாவோகா பயணம் இரண்டாவதற்கான மருந்து.

இனி அமைப்பு. ஐந்தாறு பேர் சேர்ந்தது ஒரு டீம். ஒவ்வொரு டீமுக்கும் சங்க உறுப்பினரான ஒரு லீடர். சில டீம்களுக்கு ஒரு குரூப் லீடர், நிர்வாகம் அங்கேதான் தொடங்கும். டஜன் கணக்கில் இருந்த வேலைப் பிரிவுகள் ஒன்றிரண்டாகச் சுருங்கின. மேலாளர்களுக்குத் தனிச் சாப்பாட்டு அறை கிடையாது, தனி பார்க்கிங்கும் கிடையாது. ஸ்டாப்வாட்ச் மட்டும் போகவில்லை. அது கை மாறியது. தொழிலாளிகளே ஒருவரை ஒருவர் நேரம் பார்த்து, வேலையைத் துண்டுகளாகப் பிரித்து, எது சிறந்த வரிசை என்று எழுதிவைத்தார்கள். அப்படி எழுதியதே எல்லா ஷிப்டுக்கும் விதி.

லூயிஸ் கரிக்கானோ 2000இல் வெளியிட்ட ஒரு பொருளியல் மாதிரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆண்டான் பலகைதான் நினைவுக்கு வரும். ஒரு நிறுவனத்தின் அடுக்குகள் எதற்கு இருக்கின்றன? எல்லோருக்கும் எல்லாவற்றையும் கற்றுத் தருவது செலவு. ஆகவே அடிக்கடி வரும் சிக்கலுக்கான அறிவு கீழே இருக்கட்டும், அரிதாக வருவதற்கான அறிவு மேலே இருக்கட்டும். கீழே இருப்பவர் தன்னால் முடியாததை மட்டும் மேலே அனுப்புவார். தொழிலாளி, டீம் லீடர், குரூப் லீடர், அதற்கு மேல் பொறியாளர் என்று சிக்கல் ஏறிப்போகும் பாதையைக் கயிறு கண்ணெதிரே காட்டுகிறது. கோடு தொடும்வரை உள்ள அந்தச் சில விநாடிகள் டீம் லீடரின் அறிவுக்கு ஒதுக்கிய நேரம்.

ஆனால் கரிக்கானோவின் மாதிரியில் எல்லோரும் ஒரே அணி. கீழே இருப்பவர் தனக்குத் தெரியாததை மறைக்க மாட்டார். ஃப்ரீமான்ட்டில் அதுதான் சிக்கலே.

கடனாகக் கொடுத்த அதிகாரம்

டொயோட்டாவின் பயிற்சிப் பிரிவிலிருந்து இந்த ஆலை உருவாக உதவிய ஜான் ஷூக் பிற்காலத்தில் ஒரு உரையாடலை நினைவுகூர்ந்தார். இந்தத் தொழிலாளிகளுக்கா லைனை நிறுத்தும் உரிமையைக் கொடுக்கப்போகிறீர்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பில் ஒருவர் திகைத்துக் கேட்டாராம். உரிமை இல்லை, குறை தெரிந்தால் நிறுத்த வேண்டியது அவர்கள் கடமை என்பது பதில்.

உரிமைக்கும் கடமைக்கும் உள்ள வித்தியாசம் இங்கே வெறும் சொல் வித்தியாசம் இல்லை. ஃபிலிப் அகியோனும் ஜான் டிரோலும் 1997இல் இரண்டு வகை அதிகாரத்தைப் பிரித்தார்கள். முடிவெடுக்கும் முறையான அதிகாரம் ஒருவரிடம் இருக்கலாம். தகவல் யாரிடம் இருக்கிறதோ அவர் பேச்சுதான் நடைமுறையில் செல்லும், அது மெய்யான அதிகாரம். மேலதிகாரி அடிக்கடி தலையிட்டுத் தீர்ப்பை மாற்றினால் கீழே இருப்பவர் தகவல் தேடுவதையே விட்டுவிடுவார். தேடி என்ன பயன்?

ஜார்ஜ் பேக்கர், ராபர்ட் கிப்பன்ஸ், கெவின் மர்ஃபி மூவரும் 1999இல் இன்னும் ஒரு படி போனார்கள். என் பார்வையில் நம்மியைத் திறக்கும் சாவி அவர்கள் கட்டுரையில்தான் இருக்கிறது. நிறுவனத்துக்குள் கீழே தரப்படும் எந்த அதிகாரமும் சொந்தமாகத் தரப்படுவதில்லை, கடனாகத்தான் தரப்படுகிறது. மேலே இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், எந்த நீதிமன்றமும் தடுக்காது. நாளை விற்பனை சரிந்தால், லைன் நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குக் கேட்கத் தொடங்கினால், கயிறு தொங்கும், ஆனால் இழுக்கக் கை வராது. திரும்ப எடுக்க மாட்டோம் என்பதை எந்த ஒப்பந்தத்திலும் முழுசாக எழுத முடியாது. நடந்து காட்டத்தான் முடியும்.

நம்மிக்கு அந்தச் சோதனை சீக்கிரமே வந்தது. முதலில் தயாரித்த செவ்ரோலே நோவா நன்றாக விற்கவில்லை. 1988 வாக்கில் ஆலை தன் கொள்ளளவில் 60 சதவீதத்துக்கும் கீழே ஓடியது. பழைய ஃப்ரீமான்ட்டாக இருந்திருந்தால் அடுத்த திங்கட்கிழமையே ஆட்குறைப்பு நோட்டீஸ் வந்திருக்கும். நம்மியின் தொழிலாளர் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஆட்குறைப்புக்கு முன்னால் நிர்வாகம் மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும்: மேலாளர் சம்பளத்தைக் குறைப்பது, வெளியே கொடுத்த வேலையை உள்ளே கொண்டுவருவது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது வேறு, செய்வது வேறு என்று சந்தேகப்பட எல்லோருக்கும் காரணம் இருந்தது. யாரையும் அனுப்பவில்லை. லைனில் வேலை இல்லாதவர்களைப் பயிற்சிக்கும் மேம்பாட்டுத் திட்டங்களுக்கும் வெளியே கொடுத்திருந்த வேலைகளுக்கும் மாற்றினார்கள்.

கயிறு கட்ட அதிகச் செலவு ஆகியிருக்காது. அதை இழுக்க வைத்த செலவு 1988இல்தான் கட்டப்பட்டது. யோசனை சொன்னால் நண்பனின் வேலை போகாது என்று தெரிந்த பிறகுதான் அந்த 15 விநாடி அறிவு வெளியே வரும்.

வந்தது. 1991இல் மட்டும் தொழிலாளிகள் 10,000க்கும் மேற்பட்ட யோசனைகளைச் சொன்னார்கள், ஐந்தில் நான்குக்கும் மேல் நடைமுறைக்கு வந்தன என்று ஆட்லர் பதிவு செய்கிறார். பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தாம். ஒரு பெட்டியை இரண்டு அடி அருகே நகர்த்துவது, கருவியின் கைப்பிடியைத் திருப்பி வைப்பது போன்றவை. புதுமை என்றால் ஆய்வகத்தில் பிறக்கும் கண்டுபிடிப்பு என்றே நாம் பழகிவிட்டோம். ஒவ்வொன்றும் அரை விநாடி மிச்சப்படுத்தும் ஆயிரக்கணக்கான திருத்தங்களையும் அந்தச் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதில் பலருக்கும் இடறும் ஒரு இடம் உண்டு. இவ்வளவு கறாரான விதிகளுக்குள், இந்தக் கையால் எடு, இந்த வரிசையில் முடுக்கு என்றெல்லாம் எழுதிய தாளுக்குள் புதுமை எப்படி வரும்? எழுதிய விதி இல்லாத இடத்தில் ஒருவர் கண்டுபிடித்தது அவரோடு போய்விடும். பகல் ஷிப்டில் ஒருவர் நல்ல வழி கண்டுபிடித்தால் மாலை ஷிப்டுக்கு அது தெரியாது. விதித் தாள் இருந்தால் அது அடுத்த நாளே எல்லோருக்கும் போகும். குழுவின் நினைவு என்று அந்தத் தாளைச் சொல்லலாம். அதை யார் எழுதுகிறார், யார் திருத்தலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எண்கள்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக் குழு 1980களின் நடுவில் மூன்று ஆலைகளை ஒப்பிட்டது. ஒரு காரை அசெம்பிள் செய்ய ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேரம், டகாவோகாவுக்கு 16, நம்மிக்கு 19. நூறு கார்களுக்கான குறைகளில் நம்மி டகாவோகாவுக்குச் சமமாக நின்றது, ஃப்ரேமிங்ஹாமில் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நம்மியில் வேலைக்கு வராதவர்கள் சில சதவீதமே. இத்தனைக்கும் அங்கே வானளாவிய தானியங்கி இயந்திரங்கள் ஏதும் இல்லை. அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளில் ரோபோக்களுக்காகப் பெரும் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது.

இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. 57 விநாடி வேலை என்பது 57 விநாடி வேலைதான். உடம்பு அதைத் தாங்க வேண்டும். சுமையை ஏற்றி ஏற்றி எங்கே உடைகிறது என்று பார்க்கும் நிர்வாகம் இது என்று சங்கத்துக்குள்ளேயே சிலர் கடுமையாக எழுதினார்கள். புதிய மாடல் அறிமுகமான 1993இல் கை, தோள், முதுகுக் காயங்கள் கூடின. கலிஃபோர்னியாவின் பணியிடப் பாதுகாப்புத் துறை ஆலைக்கு நோட்டீஸ் கொடுத்தது. கயிறு இருந்தும் ஏன் இது முன்னாலேயே தெரியவில்லை? கோணலான போல்ட் அந்த விநாடியிலேயே கண்ணில் படும். தோள்வலி ஆறு மாதம் கழித்துத்தான் பேசும். எந்த வகை அறிவுக்குக் கயிறு கட்டினார்களோ அது மட்டுமே மேலே வந்தது. இந்த நிகழ்வில் கோட்பாட்டுக்கு இன்னும் வேலை மிச்சம் இருக்கிற இடம் இது என்று நினைக்கிறேன்.

நகல் ஏன் எடுபடவில்லை

ஜெனரல் மோட்டார்ஸ் நம்மிக்குத் தன் மேலாளர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. எல்லாக் கதவும் திறந்தே இருந்தது, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் கிடைத்தது. ஆனாலும் அவர்கள் ஊர் திரும்பியதும் தனித்தனி ஆலைகளில் சிதறிப்போனார்கள். அதே கலிஃபோர்னியாவில் வான் நைஸ் ஆலையில் டீம் முறையைக் கொண்டுவந்து பார்த்தார்கள். ஆலை மூடப்படும் என்ற பேச்சு தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சங்கம் இரண்டாகப் பிளந்தது. 1992இல் ஆலையை மூடியும் விட்டார்கள்.

சூசன் ஹெல்பரும் ரெபெக்கா ஹெண்டர்சனும் 2014இல் ஜெனரல் மோட்டார்ஸின் சரிவை ஆராய்ந்தபோது இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். டொயோட்டாவின் நடைமுறைகள் தொழிலாளிகளோடும் பாகங்கள் சப்ளை செய்பவர்களோடும் இருந்த எழுதாத ஒப்பந்தங்களின் மேல் நின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய நடைமுறைகளும் ஒரு எழுதாத ஒப்பந்தத்தின் மேல்தான் நின்றன: நீ சொன்னதைச் செய், நான் சம்பளத்தைக் கூட்டுகிறேன், நீ யோசிக்க வேண்டாம். பழையதைக் கலைக்காமல் புதியதைக் கட்ட முடியாது. கலைப்பவரை நம்பவோ யாருக்கும் காரணம் இல்லை. கயிற்றை யாரும் விலைக்கு வாங்கலாம், படம் பிடிக்கலாம், அளந்து எழுதிக்கொள்ளலாம். 1988 கிடைக்காது.

2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நடவடிக்கைக்குள் போனது, நம்மிப் பங்கிலிருந்தும் விலகியது. தனியே நடத்துவதில்லை என்று டொயோட்டா முடிவெடுத்தது. எழுதாத ஒப்பந்தத்துக்கு இருக்கும் ஒரே பிணை, நாளையும் நாம் சேர்ந்து வேலை செய்வோம் என்பதுதான். அந்த நாளைக்கு ஒரு தேதி குறித்துவிட்டார்கள். 2010 ஏப்ரல் 1 அன்று கடைசிக் கார், ஒரு கொரோலா, லைனிலிருந்து இறங்கியது. சுமார் 4,700 பேருக்கு வேலை போனது. ஆலையை டெஸ்லா 4.2 கோடி டாலருக்கு வாங்கியது.